ஞாயிற்றுக்கிழமைப் பையில் ஒரு சிலேட்டு

1

உப்பல் மெட்ரோ நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் இடத்தில் நிற்கிற பெண்ணுக்கு என்னைத் தெரியும். என் பெயர் தெரியாது. என் பையைத் தெரியும். நீலமும் சிவப்புமாகக் கட்டம் போட்ட கித்தான் பை. என் முறை வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எக்ஸ்ரே மெஷினுக்குள் அனுப்பிவிட்டு அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொள்வேன். போன ஞாயிறு நான் பையைத் தூக்கி வைக்கும்போது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு அவள், "மள்ளீ புக்ஸா அம்மா?" என்று சிரித்தாள். மறுபடியும் புத்தகமா என்று கேட்கிறாள். சில மாதங்களாகப் பை காற்றாய் இருந்ததை அவளும் கவனித்திருக்கிறாள்.

"அவுனு, மள்ளீ புக்ஸே" என்றேன். என் தெலுங்குக்கு அவ்வளவுதான் நீளம். கோவில்பட்டியில் ரயில் ஏறி இங்கே வந்து இறங்கிய பெண்ணுக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். தெலுங்கு மட்டும் இன்னும் பிளாட்பாரத்திலேயே நிற்கிறது.

ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் எல்லாரும் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நீ மெஷின் கட்சியா, புத்தகக் கட்சியா?" பட்டிமன்றத்துக்கு ஆள் பிடிக்கிற மாதிரிதான். இ-ரீடரில் படிக்கிறேன் என்றால் துரோகி, காகிதத்தில் படிக்கிறேன் என்றால் பழங்காலத்து ஆள். எனக்கு எந்தக் கட்சியிலும் சேரத் தெரியவில்லை. என் பை ஏன் லேசாயிற்று, ஏன் மறுபடியும் கனத்தது என்று மட்டும் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

2

நான் வந்த புதிதில் கணவருக்குத் தார்நாகாவில் ஆராய்ச்சிக்கூடத்துக் குவார்ட்டர்ஸ். மரமும் நிழலுமாக அழகான இடம்தான். ஆனால் தமிழில் அச்சடித்த ஒரு காகிதம் கண்ணில் படாது. ஊரிலிருந்து தங்கை புத்தகம் அனுப்புவாள். பார்சல் அஞ்சலகத்துக்கு வந்து சேர்ந்துவிடும், என் கைக்கு வராது. அவள் அப்பா பெயரின் முதலெழுத்தோடு என் பெயரை எழுதியிருப்பாள். என் அடையாள அட்டையிலோ பின்னால் கணவர் பெயர். கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வசந்தி வேறே, நீங்க வேறே" என்று ஹிந்தியில் சொல்லிவிடுவார். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதை எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அவருக்கு விளக்குவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். புத்தகம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அதனால்தானோ என்னவோ ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

அந்த அஞ்சலக வரிசையில்தான் சரோஜா அக்காவைப் பார்த்தேன். பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "இன்னாடி, புக்கா? கைக்கு இத்தனை கஷ்டம்? எங்க பையில சேந்துக்கோ" என்றார். கைக்கு என்றால் எதற்கு; அக்காவின் தமிழில் இந்த ஊர் உருது கலந்து வரும்.

அக்கா மெட்டுகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா அரக்கோணத்துப் பக்கமிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் பட்டறை வேலைக்கு வந்தவராம். அக்கா ரயில்வேயிலேயே டிக்கெட் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வரிசையில நின்னவங்க மூஞ்சியெல்லாம் பாத்துப் பாத்து வெறுத்துப் போச்சு" என்பார்.

பை என்பது அவர்களுடைய ஏற்பாடு. சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு புத்தகம் போட்டு ஒரு பையை நிரப்புவார்கள். அது ஒரு வாரம் ஒரு வீட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்குப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்து, உட்கார்ந்து காபி குடித்து, படித்ததைப் பற்றிப் பேசிவிட்டு வர வேண்டும். சட்டம் இரண்டுதான். இரண்டும் அக்கா போட்டது. கதையின் முடிவைச் சொல்லக் கூடாது. படிக்காத வீட்டுக்குப் பை போகாது.

இரண்டையும் அக்கா கவுன்டர் கண்டிப்போடு காத்தார். எங்கள் பகுதியில் பெரிய விஞ்ஞானி ஒருவர் ஒரு வாரம் பையைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அக்கா காபியை நீட்டிக்கொண்டே, "அந்த வக்கீலு கேரக்டரு எப்படி சார்?" என்று கேட்டிருக்கிறார். "அருமையா எழுதியிருக்கான்" என்றாராம் அவர். அந்த நாவலில் வக்கீலே கிடையாது. அதற்கப்புறம் பை அவர் வீட்டைத் தாண்டித்தான் போயிற்று.

என் முதல் ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. படித்த ஆர்வத்தில், "கடைசியில அந்த அண்ணன்..." என்று ஆரம்பித்தேன். "நக்கோ! நக்கோ!" என்று, வேண்டாம் என்பதை அவர் பாஷையில் கத்திக்கொண்டே அக்கா எழுந்து வந்து என் வாயைப் பொத்தினார். கையில் பெருங்காய வாசனை. ஊரை விட்டு வந்தபின் அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

3

கணவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு உப்பலில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். வீடு மாற்ற வந்த ஆட்கள் புத்தகப் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை முறைத்த முறைப்பை மறக்க முடியாது. பீரோவையும் ஃப்ரிட்ஜையும் பாடிக்கொண்டே தூக்கியவர்கள் புத்தகத்துக்கு முனகினார்கள். இங்கே அவற்றுக்கு அலமாரியும் இல்லை. பாதி பரணுக்குப் போயிற்று. மழைக்காலத்தில் பரண் ஓதம் கோத்து, சில புத்தகங்கள் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. அந்தச் சமயத்தில்தான் மகள் நித்யா என் பிறந்த நாளுக்கு இ-ரீடர் வாங்கிக் கொடுத்தாள்.

நித்யாவுக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்த நாட்களில் அவளுக்கு ஹோம்வொர்க் இருக்கும். அவளுக்கு ஓய்வு இருந்த நாட்களில் என் கையில் விடைத்தாள் கட்டு இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள். ஊரார் பிள்ளைகளுக்குத் தனிம அட்டவணை மனப்பாடம் ஆனது, என் பிள்ளைக்கு அ, ஆ வரவில்லை. இது என்னை வருத்துகிறது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தமிழ்ப் புத்தகமாகப் பார்த்துப் பார்த்து அந்த மெஷினில் ஏற்றிக் கொடுத்தாள்.

மெஷினின் நல்லதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எத்தனையோ வருஷம் தேடிய, மறுபதிப்பே வராத புத்தகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அஞ்சலகம் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், நான்தான் வசந்தி என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டாம். தூசி இல்லை, தும்மல் இல்லை. படுத்துக்கொண்டு படித்தால் மூஞ்சியில் விழுந்தாலும் வலிக்காது.

ஆனால் கணக்கு மகள் பேரில் இருக்கிறது. நான் ஒரு நாவல் வாங்கினால் ஓடிபி அவள் போனுக்குப் போகும். ஆபீஸ் மீட்டிங்கின் நடுவே, "அம்மா, இப்புடு ஏம் கொன்னாவ்?" என்று மெசேஜ் வரும். இப்போது என்ன வாங்கினாய் என்று கேட்கிறாள். காதல் கதை என்று மகளுக்குப் பதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நித்யாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் என் புத்தகங்களை எல்லாம் தெரியும். சின்ன வயதில், "அந்தப் பச்சை அட்டை எடுத்துட்டு வா" என்றால் சரியாக எடுத்து வருவாள். படகுப் படம் போட்டது, கிழிந்த சிவப்பு, மூக்குக் கண்ணாடித் தாத்தா என்று அவள் வைத்த பெயர்களே தனி. புத்தகம் அவளுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தது. மெஷினில் எல்லா அட்டையும் ஒரே சாம்பல் நிறம். அதைத் திறந்து பார்க்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

4

பை வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பெங்களூருக்குப் போனவர்கள், அமெரிக்காவில் பேரனைப் பார்க்கப் போனவர்கள், ஒரேயடியாகப் போய்விட்டவர்கள். கடைசியில் மூன்று வீடுகள்தான் மிச்சம். நான், சரோஜா அக்கா, செல்வம்.

செல்வம் எங்கள் ஃபிளாட்டில் மேல்மாடி. சொந்த ஊர் சேலம் பக்கம். மனைவியும் குழந்தையும் இங்கே இருக்க, அவன் வாரம் முழுக்கப் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வார முடிவில்தான் வருவான். துப்பறியும் கதை தவிர வேறு எதையும் தொடமாட்டான். ஷேர் ஆட்டோவில் நாலு பேர் இடுப்புக்கு நடுவில் உட்கார்ந்து போகிறவனுக்குக் கனமான நாவல் சரிப்படாது என்பான்.

அக்காவுக்குக் கண்ணில் கோளாறு வந்தது அப்போதுதான். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகிற வியாதி. ஓரத்தில் இருப்பது தெரியும். நேராகப் பார்ப்பது மறையும். கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். "பொடி எழுத்துதான் தெரியல. நான் படிக்கலன்னா என் வீட்டுக்கும் பை நக்கோ. சட்டம் சட்டம்தான்" என்றார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணைக்கு வருவது அந்தப் பைதான் என்பது எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு வந்தது அந்த யோசனை. மெஷினில் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாமே! புத்தகங்களை எடுத்துவிட்டு இ-ரீடரைப் பையில் போட்டேன். வாரம் ஒரு வீடு, அதே சுற்று, அதே காபி. அக்காவால் தனியாக வெளியே போக முடியாததால் அவர் வீட்டிலிருந்து மட்டும் செல்வமே போய்ப் பையை வாங்கிக்கொள்வான். அக்காவுக்கென்று ஒரு நாவல் வாங்கி, எழுத்தை ஆகப் பெரிதாக்கி, முதல் பக்கத்தைத் திறந்துவைத்துக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வார்த்தைதான் நின்றது. அக்கா அதை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஹவ், ஆமா, தெரியுதுடி. சின்னப் பசங்க சிலேட்டு மாதிரி கீது" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் சிலேட்டு.

விஷயம் தெரிந்ததும் நித்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, அது பர்சனல் டிவைஸ்! டூத்பிரஷ் மாதிரி! எவரைனா சர்க்குலேஷன்ல விடுவாங்களா?" பதற்றத்தில் பாதி தமிழே வந்துவிட்டது. அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. அவள் வாங்கிய ஆங்கிலப் புத்தகங்களும் அதே கணக்கில், அதே அலமாரியில் வரும். ஒரு ஞாயிறு பையோடு வந்த செல்வம் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், நித்யா வேலைய விடப் போறாங்களா?" என்று கேட்டான். வேலையை ராஜினாமா செய்வது எப்படி என்று ஒரு புத்தகத்தை அவள் பாதி வரை படித்திருந்தாள். பெற்ற தாய்க்குத் தெரியாத செய்தி பட்டான்செருவுக்குப் போய்த் திரும்பி வந்தது. இந்த மெஷினுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு அப்போது சந்தோஷம்தான். சுற்று முடிந்து செல்வம் பையைக் கொடுக்கும்போதெல்லாம் முதல் வேலையாக அக்காவின் நாவலைத் திறந்து பார்ப்பேன். கடைசிப் பக்கத்தில் நிற்கும். முடித்துவிட்டார்! அடுத்ததை வாங்குவேன், ஓடிபி கேட்டு மகளை எழுப்புவேன்.

5

போன மாதம் ஒரு ஞாயிறு செல்வத்துக்குக் கம்பெனியில் விடுப்பு கிடைக்கவில்லை. அவன் முறையையும் சேர்த்து நானே எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. அந்த முறை நான் ஏற்றிக் கொடுத்திருந்தது முன்பு ஒரு காலத்தில் பச்சை அட்டையில் எங்கள் பையில் சுற்றிய நாவல்தான்.

"மாமியாக்காரி பாவம்டி. எல்லாரும் அவள திட்றாங்க. அவகிட்ட ஒருத்தராவது இன்னான்னு கேட்டாங்களா?" என்றார் அக்கா. எனக்குத் தோன்றவே இல்லாத கோணம். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன படிப்பு என்று பெருமையாக இருந்தது.

மெட்ரோவில் உட்கார்ந்து சிலேட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் நின்றது. நான் திறந்துவைத்துக் கொடுத்த அதே ஏழெட்டு வார்த்தைகள். சார்ஜ்கூட இறங்கவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு என்று நித்யாவுக்குப் போன் போட்டேன்.

"லேதம்மா. நுவ்வு எக்கட ஆபிதே அக்கடே உண்டுந்தி. தானிகி மர்ச்சிபோவடம் ராது" என்றாள். நீ எங்கே நிறுத்தினாயோ அங்கேதான் இருக்கும், அதற்கு மறக்கத் தெரியாது என்கிறாள்.

அப்படியானால் இதற்கு முந்தைய நாவல்கள்? அவை கடைசிப் பக்கம் வரை போனது எப்படி? அவற்றைப் பற்றி அக்கா என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே விமரிசனம்: "நல்லாத்தான் கீது, நடுவுல கொஞ்சம் இழுவை." எந்த நாவலைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியாது! பழைய நாவல் வந்ததால் பழைய ஞாபகத்திலிருந்து பேசியிருக்கிறார்.

செல்வத்துக்குப் போன் செய்தேன். ஷிஃப்ட் இடைவேளையில் எடுத்தான். நடந்ததைச் சொன்னேன்.

"நேரா உங்க கைக்கு வந்துருச்சா டீச்சர்? அடடா. நான் இருந்தா தள்ளி வச்சிருப்பேன்."

"என்னத்தைத் தள்ளி வப்ப?"

"பக்கத்ததான். அக்காகிட்ட வாங்கினதும் ஆட்டோவில உக்காந்து அவங்க புத்தகத்த கடைசிப் பக்கம் வரைக்கும் தள்ளிட்டுதான் உங்ககிட்ட கொண்டு வருவேன். எழுத்து பெருசா, விரலே வலிச்சுப் போகும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

"சொன்னா அவங்க வீட்டுக்கு பை போகாதே டீச்சர். அவங்க போட்ட சட்டம் அப்படியில்ல?"

போனை வைத்துவிட்டு அழுதேன். ரயிலில் எதிரே இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அக்காவை நினைத்து அழுதேனா, அந்தப் பையனை நினைத்து அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

காகிதப் புத்தகத்தைப் பற்றி வாசனை, பக்கம் புரளும் சத்தம் என்று எவ்வளவோ சொல்கிறார்கள். அதன் பெரிய குணத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அது யாரையும் காட்டிக் கொடுக்காது. படித்த புத்தகமும் படிக்காத புத்தகமும் மேஜைமேல் ஒரே மாதிரிதான் கிடக்கும். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் படிக்கிறாய் என்று உலகம் நம்பிவிட்டுப் போகும். அக்காவுக்கு உதவி என்று நினைத்து, அவரை வேவு பார்க்கிற ஒன்றைக் கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்திருக்கிறேன்.

6

அதனால்தான் போன ஞாயிறு பை கனத்தது. பரணில் ஏறி, பச்சை அட்டையும் இன்னும் நாலைந்தும் எடுத்துத் துடைத்துப் பையில் போட்டேன். கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வந்துவிட வேண்டும். அடுத்த சுற்றில் அவர் இழுவை என்று சொன்னால் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். இதுதான் என் திட்டம்.

"சிலேட்டு எங்கடி?" என்றார் அக்கா.

"ரிப்பேர்க்கா. சார்ஜே ஏற மாட்டேங்கு."

"ஹவ்?"

பையில் கைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பச்சை அட்டைதான் வந்தது. கட்டைவிரலை ஓரத்தில் வைத்து முழுப் பக்கத்தையும் ஒரு தடவை விர்ரென்று ஓட்டினார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. "மூலை மடிச்சிக்கீது. இது நீ. மடிக்காத, மடிக்காதன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்!" முகம் மலர்ந்திருந்தது. அந்த மடிப்பு எந்தக் காலத்தது!

காபி குடித்தோம். மழையைப் பற்றியும் செல்வத்தின் குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பற்றியும் பேசினோம். புத்தகத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. என் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உனக்குப் பொய் சொல்ல வரலடி வசந்தி" என்றார் அக்கா. "கவுன்டர்ல எத்தினி பேர பாத்தவ நான். சிலேட்டு நல்லாத்தான் கீது. கெட்டுப் போனது இதுதான்" என்று கண்ணைக் காட்டினார். "ஊசியும் கேக்கல. நடுவுல கறுப்பா நிக்குது. இப்போ உன் காது தெரியுது, தோடு தெரியுது. மூக்கக் காணோம்."

"அக்கா, நான் வாரா வாரம் வந்து படிச்சுக் காட்டட்டுமா?"

"நக்கோ." குரலில் அந்தப் பழைய கவுன்டர் இருந்தது. "படிச்சுக் காட்டினா, எனக்கு கண்ணு போச்சு, நீ ஒத்தாச பண்றேன்னு ஆயிடும். அது நக்கோ. நீ சொல்லு. சொன்னா அது பேச்சு. நம்ம எப்பவும் பேசறதுதானே?"

"எந்தக் கதையைக்கா?"

"நடுவுல இழுவைன்னு சொன்னேனே, அதெல்லாம்தான். அந்த புக்ல நெசமாவே இன்னாடி நடந்துச்சு?"

இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபோது அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அதே பெருங்காய வாசனை.

"எதுவரைக்கும் சொல்லட்டும்?" என்றேன். சட்டம் போட்டவர் அவர். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினார்.

"முடிவையும் சொல்லிடு" என்றார்.

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.